நீல மூடி

டீச்சரைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவில் கை வைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே "நான் எடுக்கல" என்று சொல்லி அடி வாங்கிய பிறவி. அப்படிப்பட்டவள் சும்மா இருந்திருக்கலாம். வராத வித்தையை வரவழைத்துக் காட்டுகிறேன் என்று இறங்கினாளே, அதுதான் வினை.

உண்மையில் அவள் டீச்சரும் இல்லை. பொது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற வேலை. சனிக்கிழமை மத்தியானங்களில் மாடி அறையில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கும்படி மேலதிகாரி அவள் தலையில் கட்டினார். போனில் வந்து விழுகிற செய்திகளில் மெய் எது, பொய் எது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்பது பாடம். முதல் நாள் அவள் பலகை நிறைய எழுதிப் பாடம் நடத்தினாள். பாதிப் பேர் மின்விசிறிக் காற்றில் தூங்கினார்கள். மீதிப் பேர் போனை நோண்டினார்கள். அதற்கப்புறம்தான் பாடத்தை விளையாட்டாக மாற்றினாள்.

விளையாட்டுக்குப் பெயர் புளுகுப் பந்தயம். ஒருவர் எழுந்து ஒரு செய்தி சொல்வார். அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். மற்றவர்கள் மூன்றே கேள்விகளால் அவரைக் குடைய வேண்டும். இதை யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? குடைந்து முடித்ததும் நம்புகிறவர்கள் கை தூக்க வேண்டும். பொய்யைச் சொல்லி எல்லாரையும் நம்பவைத்தால் பிஸ்கட் டப்பா அவருக்கு. ஆனால் குட்டு அன்றே உடையாது. வீட்டுக்குப் போய்த் தேடுங்கள், நாலு பேரைக் கேளுங்கள், அடுத்த சனிக்கிழமை வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவாள். ஒரு வாரம் மண்டைக்குள் குடைந்தால்தான் பாடம் ஏறும் என்பது அவள் கட்சி. அந்த ஒரு வாரத்தில் பொய் என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. டீச்சர் பேச்சைக் கேட்டு அதுவும் மாடி அறையிலேயே கைகட்டி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள் போல.

எப்படியோ, வகுப்பு களைகட்டியது. கீழே பேப்பர் படிக்கிறவர்கள் "மேல என்ன சத்தம்" என்று ஆள் அனுப்பிக் கேட்கும் அளவுக்குக் களைகட்டியது. தையலக்கா என்று ஒருத்தி வருவாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல்கடை வைத்திருப்பவள். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசிப் பழகியதால் உதட்டைத் திறக்காமல் தெளிவாகப் பேசுவாள். அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பச்சைத் துணியில் குத்தி வைத்தால் ஊசி துருப்பிடிக்காது என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டு டப்பாவைத் தட்டிக்கொண்டு போனாள். வேன் டிரைவர் ஒருவர், எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கிறவர். தபால் ஆபீசில் ரிட்டயரான தபாலய்யா ஒருவர். அவர் கெட்டிக்காரர், பொய்யே சொல்ல மாட்டார். கடலுக்கு அடியில் தபால் பெட்டி வைத்திருக்கிற ஊர் உண்டு என்றார் ஒரு தரம்.

"யாரு சொன்னா ஐயா?" என்றார் டிரைவர்.

"நான் ஆபீஸ்ல இருந்தப்ப வந்த பத்திரிகையில போட்டிருந்தான்."

"அதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"என்ன லாபம்? இப்பல்லாம் யாரு தபால் போடறீங்க. அந்தப் பெட்டியிலயாவது போடறாங்களேன்னு ஒரு சந்தோஷம்."

ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. அடுத்த வாரம் தேடிக்கொண்டு வந்த பிறகுதான் மெய் என்று தெரிந்தது. தபாலய்யா மீசையைத் தடவிக்கொண்டார். மெய்யைச் சொல்லி டப்பா வாங்க முடியாது என்பதுதான் அவருக்கு ஒரே குறை.

அண்ணன் அந்த நூலகத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். டீச்சருடைய கூடப் பிறந்த அண்ணன். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கட்டி, சுத்திகரிக்கிற மெஷின் போட்டு, கேனில் நிரப்பி, மூன்று சக்கர வண்டியில் தெருத் தெருவாகப் போடுகிறான். சனிக்கிழமைகளில் தோளில் கேனோடு மாடிப்படி ஏறி வருவான். "என்ன, இன்னைக்கு யாரு பொய்யி?" என்று கேட்டுவிட்டு மூலையில் இறக்கிவைத்துப் போவான். அவன் கேனுக்கெல்லாம் நீல மூடி. சப்ளை செய்கிறவன் நீலம்தான் கொடுக்கிறான், அதனால் நீலம். அதற்கு மேல் அந்த நிறத்துக்கு ஒரு காரணமும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை டிரைவர்தான் ஆரம்பித்தார்.

"எல்லாரும் சொல்லியாச்சு. டீச்சர் மட்டும் சொன்னதே இல்ல."

"அவங்களுக்கு வராது. வாயைத் திறக்கறதுக்குள்ள காது செவந்துடும்" என்றாள் தையலக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். ஆனால் சுருக்கென்று குத்தியது. பொய்யை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தருகிறவளுக்கு ஒரு பொய்கூடக் கட்டத் தெரியாது என்றால் கேவலமில்லையா? நீச்சல் தெரியாதவள் நீச்சல் சொல்லித் தருகிற மாதிரி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வீட்டுக்குப் போனவள் சமையலறையில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்ணில் பட்டது தண்ணீர் கேன். அதன் மேல் நீல மூடி. அவ்வளவுதான், வேறு எங்கும் தேடவில்லை. மூடியைக் கழற்றினாள். உட்புறத்தில் மைப்பேனாவால் ஒரு வளையம் வரைந்து, ஈர விரலால் லேசாகத் தேய்த்தாள். சாயம் ஊறிக் கசிந்தது போலவே இருந்தது. கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தாள்.

பிறகு எழுத உட்கார்ந்தாள். இங்கேதான் அவள் மூளை வேலை செய்தது. கத்திக் கூப்பாடு போடுகிற செய்தியை நம்பாதே, 'உடனே பத்துப் பேருக்கு அனுப்பு' என்று விரட்டுகிற செய்தியை நம்பாதே என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் அவளே. ஆகவே கத்தவில்லை, விரட்டவில்லை. நீல மூடி எல்லாமே கெடுதல் என்று சொல்ல முடியாது, வெயிலில் நின்ற கேன்களில் மட்டும் மூடியின் சாயம் கொஞ்சம் தண்ணீரில் இறங்குகிறது, பயப்பட ஒன்றும் இல்லை, முடிந்தால் வேறு நிற மூடி பார்த்து வாங்குங்கள் என்று மெதுவாக, அடக்கமாக எழுதினாள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற ஒரு பெண் சொன்னதாகப் போட்டாள். அந்தப் பெண்ணுக்கு லாபம் ஒன்றுமில்லை, வெளியே தெரிந்தால் வேலைதான் போகும், அதனால் பேர் வேண்டாம் என்றும் சேர்த்தாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்களே, பொருந்தி உட்கார்ந்தது.

அடுத்த சனிக்கிழமை அதை வகுப்பில் சொன்னாள். காது சிவக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம். டிரைவர் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில் எல்லாக் கையும் மேலே போயிற்று. தபாலய்யா கைகூடப் போயிற்று. வகுப்புக் குழுவில் போட்டோவையும் செய்தியையும் போட்டுவிட்டு, "தேடிப் பாத்துட்டு அடுத்த வாரம் வாங்க" என்றாள். பிஸ்கட் டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கியபோது அவள் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் நூலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். வகுப்பு இல்லை. குழுவில் ஒரு வரி, 'அது பொய்' என்று ஒரே ஒரு வரி போட்டிருக்கலாம். குட்டை வகுப்பில் உடைத்து எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டுமென்ற ஆசையில் போடாமல் விட்டாள். ஆசை யாரை விட்டது.

தையலக்கா நல்ல மாணவி. நாலு பேரைக் கேள் என்று டீச்சர் சொன்னதை அப்படியே செய்தாள். கடைக்கு வருகிற பெண்களின் குழுவில் போட்டு, "இது உண்மையா, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். அவர்கள் தங்கள் குழுக்களில் போட்டார்கள். 'இது உண்மையா' என்ற கேள்வி இரண்டாவது கையில் தேய்ந்து, மூன்றாவது கையில் காணாமல் போனது. பரிசோதனைக் கூடத்துப் பெண் அதற்குள் பெரிய விஞ்ஞானி ஆகிவிட்டாள். வெயிலில் நின்ற கேன்கள் மட்டும் என்பது எல்லாக் கேன்களும் என்றானது.

அண்ணிதான் போன் செய்தாள். "கொஞ்சம் வீடு வரைக்கும் வந்துட்டுப் போ" என்றாள். குரலில் உயிர் இல்லை.

டீச்சர் போனபோது முற்றம் முழுக்க நிரப்பிய கேன்கள் நின்றன. அந்த நேரத்தில் அங்கே காலிக் கேன்கள்தான் இருக்க வேண்டும். அண்ணன் வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான். வேலை நேரத்தில் அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கேன் தூக்குகிற ஆளையும் நிறுத்தியாகிவிட்டது என்றான்.

"யாரோ கிளப்பி விட்டிருக்கான் பாரு" என்று போனை நீட்டினான். "நீதான் இதெல்லாம் கண்டுபிடிக்கச் சொல்லித் தர்றியே. எந்தப் படுபாவின்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. நான் போய் அவன் கால்ல விழுந்தாவது கேக்கறேன், எனக்கும் உனக்கும் என்னடா பகைன்னு."

அவள் பார்த்தாள். மூடியின் உட்புறம், மை வளையம், ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல். தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். மெய்யாகவே நினைத்தாள். ஆனால் அதற்குள் காது சிவந்துவிட்டது.

"நான்தான்ணா" என்றாள். "வகுப்புல விளையாட்டுக்காகச் செஞ்சேன். வெளிய போகும்னு நினைக்கல."

அண்ணன் போனைத் திரும்ப வாங்கி அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான். எழுந்து மெஷின் இருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அண்ணி சொன்னாள். அவள் மனசில் வைத்துக்கொள்ளுகிற ஆள் இல்லை. "உனக்கு விளையாட்டு, எங்களுக்கு வயிறு. ஊர்ல எத்தனை பொருள் இருக்கு, எதை வெச்சு வேணா பொய் சொல்லியிருக்கலாமே. உங்க அண்ணன் மூடிதான் கிடைச்சுதா உனக்கு?"

"கண்ணெதிர்ல அதுதான் இருந்துது அண்ணி."

"ஆமா, அவருதான் தூக்கிட்டு வந்து உன் கண்ணெதிர்ல வெச்சாரு."

அன்றே அவள் தனக்குத் தெரிந்த எல்லாக் குழுவிலும் எழுதினாள். நீல மூடிச் செய்தி பொய், அதை எழுதியவள் நான், படம் எடுத்தவள் நான், வளையம் பேனா மை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். பதில் வந்தது. சிலர் கும்பிடு போட்டார்கள். ஒருத்தி, 'நீங்க அந்தத் தண்ணி கேன்காரர் தங்கச்சிதானே?' என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாக, 'ஓ, அப்படியா விஷயம்' என்று விழ ஆரம்பித்தது. 'தங்கச்சியை விட்டுச் சொல்ல வெக்கறாரு பாரு' என்றார் ஒருவர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ராத்திரிக்குள் நீல மூடிச் செய்தி இன்னும் வேகமாக ஓடியது. மறுப்பு வேறு வந்திருக்கிறது என்றால் விஷயம் இருக்கத்தானே வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை வெள்ளையடித்த அறையில் வகுப்பு கூடியது. மூலையில் தண்ணீர் கேன் இல்லை. டீச்சர் எழுந்து நின்றாள்.

"நீல மூடி பொய். நான் கட்டினது."

டிரைவர் தொண்டையைக் கனைத்தார்.

"யாரு சொல்றா? டீச்சர் சொல்றாங்க. எப்படித் தெரியும்? அவங்களே செஞ்சாங்களாம். சொல்றதால என்ன லாபம்?" கொஞ்சம் தயங்கினார். "அண்ணன் வியாபாரம் பொழைக்கும். தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், நீங்க சொல்லிக்குடுத்ததுதான் கேக்கறேன்."

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு நீல மூடியையும் பேனாவையும் எடுத்தாள். எல்லார் எதிரிலும் வளையம் வரைந்தாள், விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தாள், தூக்கிக் காட்டினாள். அச்சு அசல் அதே வளையம்.

டிரைவர் குனிந்து பார்த்தார். "மையால வரைய முடியும்னு காட்டிட்டீங்க. அந்தப் போட்டோவுல இருந்தது மைதான்னு காட்டலையே."

அவளுக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. எவ்வளவு அழகாகப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்ததற்கு இதைவிட என்ன வேண்டும்? தன் பிள்ளையே தன் காலை வாரிவிட்ட கதை.

"கை தூக்குங்க" என்றாள். "நம்பறவங்க."

ஒரு கையும் எழவில்லை. "நெருப்பில்லாம புகையாதுன்னு..." என்று பின்வரிசையில் யாரோ இழுத்தார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் பேசுவதில்லை என்று சொல்ல வந்தாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

தையலக்காதான் முதலில் கை தூக்கினாள். "பொய்யா அழறதுக்கு இவங்களுக்கு வராது" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "நான்தான் டீச்சர் வெளிய விட்டேன். கேக்கத்தான் கேட்டேன், சொல்லல. ஆனா போயிடுச்சே." தபாலய்யாவும் தூக்கினார். டிரைவர் கடைசியாகத் தூக்கினார். மூன்று கேள்வியிலும் தோற்றதை அழுகையில் ஜெயித்தது அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் என்ன செய்வது, நம்பிவிட்டார்கள்.

"நாங்க நம்பி என்ன ஆகப் போகுது, ஊரு நம்பணுமே" என்றார் தபாலய்யா. "இதை யாரு சொன்னா எடுபடும்? சொல்றதால லாபம் இருக்கறவன் சொன்னா எடுபடாது. லாபம் இல்லாதவன் சொன்னா பரவாயில்ல. நஷ்டம் வரும்னு தெரிஞ்சும் ஒருத்தன் சொன்னான்னா, அதுதான் நிக்கும்."

"அப்ப அந்த வெள்ளைமூடிக்காரர்தான்" என்றார் டிரைவர்.

பெரிய ரோட்டில் தண்ணீர் கம்பெனி வைத்திருக்கிறவர் அவர். அவருடைய கேன்களுக்கு வெள்ளை மூடி. அண்ணனை விட்ட வீடுகளெல்லாம் இப்போது அவர் வண்டிக்குத்தான் கதவு திறக்கின்றன. அவரே தன் வாயால் நீல மூடியில் தப்பில்லை என்று சொன்னால்? டீச்சருக்குப் பிடித்துப்போயிற்று. பாடப்புத்தகத்தில் போடலாம் போன்ற யோசனை. வகுப்பை முடித்துவிட்டு அப்படியே நடந்து போனாள்.

வெள்ளைமூடிக்காரர் மரியாதையாகத்தான் நடத்தினார். நாற்காலி போட்டார். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அது பொய்யுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? எனக்கும் அதே இடத்துலேர்ந்துதான் மூடி வருது. நிறம்தான் வேற" என்றார்.

"அப்ப அதையே சொல்லுங்களேன். ஒரே ஒரு வார்த்தை."

"நான் எதுக்குச் சொல்லணும்? நான் கிளப்பி விடல. வாசல்ல வந்து நிக்கறவங்களை வேணாம் போங்கன்னு சொல்ல நான் சாமியாரா? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க. என் மூடியைப் பத்திப் பொய் வந்திருந்தா உங்க அண்ணன் சொல்வாரா?"

டீச்சர் யோசித்தாள். சொல்வான் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது மெய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாததைச் சொல்லி ஏற்கெனவே பட்டது போதும்.

"அதுவும் இல்லாம" என்றார் அவர், "நீங்க இவ்வளவு அலையத் தேவையே இல்ல. உங்க அண்ணனே வெள்ளை மூடிக்குச் சொல்லிட்டாராம். சப்ளைக்காரன் காலையில சொன்னான். உங்ககிட்ட சொல்லலையா?"

அவள் தண்ணீரைக் குடிக்காமல் எழுந்தாள்.

அண்ணன் வீட்டு முற்றத்தில் புது மூட்டைகள் இரண்டு இறங்கியிருந்தன. ஒன்றின் வாயை அவிழ்த்து அண்ணன் மூடிகளை அள்ளி அலசிக்கொண்டிருந்தான். எல்லாம் வெள்ளை.

"அண்ணா, வேணாம்ணா. மாத்தாத" என்றாள், மூச்சு வாங்க. "நீ மாத்தினா அது உண்மைன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்பறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது. பொய்யின்னா ஏன் மாத்தினாருன்னு கேப்பாங்க. இன்னும் கொஞ்ச நாள் பொறு. நான் எப்படியாவது..."

"எப்படி?" என்றான் அண்ணன்.

அவள் மூட்டையிலிருந்த வெள்ளை மூடிகளைப் பார்த்தாள்.

"உனக்கு உண்மை ஜெயிக்கணும். எனக்கு வண்டி ஓடணும். ரெண்டும் ஒண்ணா நடந்தா யாருக்குக் கசக்குது? நடக்கலையே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னான். "சாயம் இறங்குதுன்னு சொன்னாங்க, சாயமில்லாத மூடி போடறேன். முடிஞ்சுது. தண்ணி அதேதான், மெஷின் அதேதான், நானும் அதே ஆள்தான்."

"ஆனா அது பொய்யிண்ணா."

"பொய்யிதான். நீதானே சொன்ன."

அண்ணன் கேன்களில் நீல மூடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெள்ளையை வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஓங்கித் தட்டினான். ஒவ்வொன்றும் 'டப்' என்று உட்கார்ந்தது. டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டத் தட்ட அவளுடைய பொய்க்கு அவன் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. அவளுடைய மறுப்பு, வகுப்பு, மூன்று கேள்வி எல்லாம் அதற்கு அடியில் போயிற்று. ஆனால் தூக்கிக் கொடுக்க ஆள் இல்லாமல் அவன் ஒவ்வொரு கேனுக்கும் குனிந்து குனிந்து நிமிர்வதையும் பார்த்தாள். அவனுடைய ஆளை நிறுத்தவைத்தது யார்?

கைப்பையை ஆணியில் மாட்டினாள். கீழே உட்கார்ந்து ஒரு வெள்ளை மூடியை எடுத்துக் கேன் வாயில் வைத்துத் தட்டினாள். சாய்ந்து உட்கார்ந்தது. எடுத்துவிட்டு மறுபடி தட்டினாள். அண்ணன் ஏறிட்டுப் பார்த்தான், பிறகு அடுத்த கேனை அவள் பக்கம் உருட்டிவிட்டான். மூடி உட்கார்ந்த கேன்களுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, சூடு காற்று அடிக்கிற மெஷினால் அண்ணி சுருக்கி ஒட்டினாள். இருட்டும் வரை மூன்று பேரும் ஊர் நம்புகிற மூடியைப் போட்டார்கள். டீச்சரின் உள்ளங்கை கன்றிப்போயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் யாரும் கூப்பிடாமலே போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். அண்ணன் ஏறு என்றும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. வாங்குவதை முதலில் நிறுத்திய தெருவுக்கே முதலில் போனார்கள். மணியை அடித்துக் கதவைத் திறக்கவைத்து, 'கேன் வேணுமா' என்று கேட்க வேண்டியது அவள் வேலை. தூக்கி வருவது அண்ணன் வேலை.

மாடி வீட்டில் ஒரு அம்மா கதவைத் திறந்தார். நூலகத்தில் புத்தகம் எடுக்க வருகிறவர்தான். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. படியின் கீழே அண்ணன் கையில் இருந்த கேனை எட்டிப் பார்த்தார். வெள்ளை மூடியைப் பார்த்ததும் இன்னும் மலர்ந்தது.

"மாத்திட்டாரா? பாத்தீங்களா, நல்ல மனுஷன்னா இப்படித்தான் இருக்கணும். சொன்னதும் கேட்டுக்கிட்டாரு. கொண்டு வரச் சொல்லுங்க, ரெண்டு போடச் சொல்லுங்க."

இத்தோடு விட்டிருக்கலாம். கேன் போனது, அண்ணன் வண்டி ஓடியது, வந்த வேலை முடிந்தது. ஆனால் டீச்சருக்கு அடக்க முடியவில்லை.

"அம்மா, நீல மூடியில ஒண்ணும் தப்பில்லமா. அது பொய்."

"இருக்கட்டும், இருக்கட்டும். அண்ணனை விட்டுக்குடுக்க முடியுமா உங்களால" என்று அந்த அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். கன்றிய இடத்திலேயே தட்டினார். "எனக்குப் புரியாதா? ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தக் காலத்துல யாரு வெளிய வந்து தைரியமா சொல்றா? தண்ணி டெஸ்ட் பண்ற அந்தப் பொண்ணு மட்டும் சொல்லலைன்னா நாம குடிச்சுக்கிட்டேதானே இருந்திருப்போம்? யாரு பெத்த பிள்ளையோ, எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

நான்தான் என்று மறுபடி சொன்னால் மறுபடி கையைத் தட்டிக்கொடுப்பார். டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவளுக்குப் பின்னால் அண்ணன் படியேறி வந்திருந்தான். இரண்டு தோளிலும் இரண்டு கேன்.

"அவ நல்லாத்தான் இருக்காம்மா" என்றான். "வழியில நிக்காம இருந்தா இன்னும் நல்லா இருப்பா."